பின்பலகை இல்லாத றேடியோக்கள்

மாமாவின் அறைக்குள் முதல்முறை வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். சுவர் நீளத்துக்குப் பலகைத் தட்டுகள். அவற்றில் பெரிய பெரிய வால்வு றேடியோக்கள். எல்லாம் சுவரைப் பார்த்தபடி, வந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பளபளக்கும் மரமோ, முகப்புத் துணியோ, உலகத்து ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடியோ ஒன்றும் கண்ணில் படாது. பின்பலகைகளையும் அவர் கழற்றி வைத்திருப்பார். ஆகவே வந்தவர் பார்ப்பது கண்ணாடிக் குழாய் வால்வுகளையும், கம்பிகளையும், மெழுகு வழிந்த கண்டென்சர்களையும், ஈயம் வைத்த தழும்புகளையும்தான். வடிவு பார்க்க வந்த சனத்துக்கு இது அவமரியாதை இல்லாமல் வேறென்ன?

“முகத்தைப் பேந்து பாக்கலாம், அது ஓடிப்போகாது” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றின் குறையாகச் சொல்லத் தொடங்குவார். இது ஒல்லாந்து றேடியோ, இதன் ட்ரான்ஸ்போமர் ஒருதரம் எரிந்தது. அது ஜேர்மன், அதில் சிற்றலை பிடிக்காது. மூலையில் நிற்பது நல்ல குரல், ஆனால் இருட்டினால் இரையும். எல்லாக் குறையும் சொல்லி முடித்த பிறகு, வந்தவர் பொறுமையோடு நின்றால், ஒன்றைத் திருப்பி வைத்துப் பாட விடுவார். பாதிப் பேர் அதற்கு முன்னமே எழும்பிப் போய்விடுவார்கள். போனால் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் என் அம்மாவின் தம்பி. அப்பா செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கும் பொய் சொல்லவில்லை: தான் ஒரு நாளில் கனநேரம் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிற ஆள், பெண் எடுத்தால் அவளுக்கு விசர் பிடித்துவிடும் என்பார். பெண் கொடுக்க வந்தவர்களிடமே இதைச் சொன்னாராம். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தலையில் கை வைப்பார்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரம். கப்பலோடிய குடும்பம் எங்களுடையது. பாட்டாவின் காலத்தில் பாய்க்கப்பல்கள் போய்வந்த துறைமுகங்களிலிருந்து வந்த இரண்டு றேடியோக்களில் தொடங்கியதுதான் மாமாவின் பைத்தியம். உப்புக்காற்று தகரத்தைத் தின்கிற ஊரில் தகரத் தகட்டின் மேல் உயிர் வைத்திருக்கிற சாமான்களைச் சேர்ப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். வாரத்தில் ஒருநாள் எல்லா றேடியோக்களின் அடித்தகடுகளையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கடல் மணக்காது, மண்ணெண்ணெய்தான் மணக்கும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சனம் வெளிக்கிட்டுக்கொண்டே இருந்தது. ஜேர்மனி, பிரான்ஸ், கனடா. வீட்டைப் பூட்டுவதற்கு முதல்நாள் யாராவது ஒரு பெரிய றேடியோவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வருவார்கள். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: ஒரு குறையும் இல்லை, சும்மா கிடந்ததால் நின்றுபோயிற்று. மாமா தலையை ஆட்டி வாங்கி வைப்பார். அவர்கள் இருக்கும்வரை திறக்க மாட்டார். அவர்கள் ஒழுங்கையின் முடக்குத் திரும்பிய பிறகுதான் திருகாணிகளைக் கழற்றுவார். உள்ளே பல்லிமுட்டையும், கரப்பான் சிறகும், யாரோ அவசரத்தில் எரிந்த பியூசைச் சுற்றிவிட்ட சிகரெட் பெட்டித் தாளும் இருக்கும். அவற்றைக் கூட்டி அள்ளும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். மறுநாளிலிருந்து அந்த றேடியோவின் குறைகள் ஊருக்கெல்லாம் தெரியும்.

வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சுக்குள்ளால் போகும், ஒரு கை என்றால் கைதான் சுடும் என்பது அவர் கணக்கு. திருத்திய றேடியோவுக்கு முதன்முதல் கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடுத்துவிடுவார். உள்ளே எங்காவது பிழை மிச்சம் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், றேடியோ தப்பிவிடும். பிழை இல்லாவிட்டால் பல்பு மங்கும், வால்வுகள் மெல்லச் சிவக்கும், கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு பயமும் இருக்காது. வரும் என்று தெரிந்தவர் காத்திருக்கிற மாதிரித்தான் இருப்பார்.

சம்பளத்துக்கு அவர் கரவெட்டிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் மனேச்சராக இருந்தார். அங்கேயும் இதே கதைதான். பருப்பு மூட்டை வந்தால், உடைத்துப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிற சனத்துக்குக் கேட்கும்படி, “இந்தக் கிழமைப் பருப்பிலை வண்டு இருக்குது. புடைக்கத் தெரிஞ்சவை வாங்குங்கோ” என்பார். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் இப்படி விற்றால் கடை நடக்குமா என்று சத்தம் போட்டாராம். நடந்தது. மாமா “அரிசி திறம்” என்று சொன்ன நாளில் பக்கத்து ஊர்க்காரரும் பை கொண்டு வந்தார்கள். அவர் ஒன்றை நல்லது என்று சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

வாசிகசாலைக் கதையைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊரார் என்னை மன்னிக்கமாட்டார்கள். புதிதாகக் கட்டிய வாசிகசாலைக்கு மாமா ஒரு றேடியோ கொடுத்தார், அவரிடமிருந்ததில் இரண்டாவது சிறந்தது. திறப்பு விழாவில் தலைவர் எழும்பி, வள்ளல் என்றார், கொடைக்குப் பெயர்போன பழைய அரசர்களையெல்லாம் இழுத்தார். பிறகு மாமாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மாமா, இதில் தான் போட்ட கண்டென்சர் வேறொரு செத்த றேடியோவில் கழற்றியது, எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரியாது, குமிழை வலப்பக்கம் முழுக்கத் திருகினால் கத்தும், மரத்தில் வலது மூலை கறையான் தின்றது, நிறம் பூசி மறைக்கவில்லை, வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு விளங்கியது.

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் கூகைக்கட்டு வந்து, கன்ன வீக்கம் வற்றிப் போனபோது அந்தக் காதையும் கொண்டு போய்விட்டது. ஒரு காதால் கேட்கிற பிள்ளைக்கு மற்றது கேட்கவில்லை என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர் மாமா. எந்தப் பக்கம் றேடியோ பாடினாலும் நான் தலையை ஒரே பக்கமாகத் திருப்புவதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் றேடியோவில் தொடுத்துக் கேட்கிற பழைய காதுக்கருவி ஒன்றை எடுத்து என் இடது காதில் வைத்துக் கேட்குதோ என்றார். இல்லை என்றேன். வலதில் வைத்தார். பாட்டுக் கேட்டது. நேரே குசினிக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, சாமி இருக்கிறார், வளர வளரச் சரிவரும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கியதும் மாமா குந்தி என் முகத்துக்கு நேரே இருந்து, “அது திருத்தேலாது பிள்ளை. மற்றது நல்லாயிருக்கு” என்றார். நான் அழுதேன். ஆனால் அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன். எல்லாரும் ஏதோ மறைக்கிறார்கள் என்று பயந்து பயந்து இருந்த பிள்ளைக்கு, உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்காக நான் அவரை நேசித்தேன். இன்றைக்கும் நேசிக்கிறேன்.

அம்மாவின் வழி வேறு. இது வெளியே தெரிந்தால் என்னை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தார். அதில் பிழையும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் கூடக் குடித்துப் பார்ப்பார்கள். ஆகவே எனக்கு ஒரு பயிற்சி நடந்தது. கோயிலென்றாலும் கலியாண வீடென்றாலும் வரிசையில் இடது ஓரம் எனக்கு. அப்போதுதான் கதைக்கிறவர்கள் எல்லாரும் வலப்பக்கம் இருப்பார்கள். றோட்டில் இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு நான் திரும்பாமல் போனால், எடுப்பு பிடித்தவள், தலைக்கனக்காரி என்பார்கள். சொல்லட்டும் என்றார் அம்மா. செவிடு என்பதை விட எடுப்பு என்பது எவ்வளவோ மேல். இப்படி, ஊரிலேயே பெரிய எடுப்புக்காரி என்ற பெயரோடு நான் வளர்ந்தேன். பெயருக்கு ஏற்ற மாதிரி வாயும் வளர்ந்துவிட்டது.

கலியாணப் பேச்சு வந்தது எண்பதுகளின் நடுவில். தரகர் ஒருவர், பக்கத்து ஊரில் ஒரு நல்ல இடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர்களும் கப்பலோடிய குடும்பம். அண்ணன்மார் எல்லாரும் கப்பலில். மாப்பிள்ளை மட்டும் ஐஸ் போடும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பார்க்கிறார். ஏன் கப்பலுக்குப் போகவில்லை என்று அம்மா கேட்க, தாயை விட்டுப் போக மனமில்லையாம் என்றார் தரகர். கரையோரத்தில் அப்படி ஒரு பெடியனைக் காண்பது அருமைதான். ஆனாலும் அம்மா அதைப் புண்ணியமாக எடுத்துக்கொண்டார். காதைப் பற்றித் தரகருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்க அவருக்குத் தெரியும்.

பிரச்சினை மாமாதான். அம்மா அவரை அடுக்களை வாசலில் நிற்பாட்டி வைத்து இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, அவர்கள் வரும் நாளில் றேடியோக்கள் எல்லாம் பின்பலகை பூட்டி, முகம் தெரியத் திரும்பி நிற்க வேண்டும். வீடு பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கக் கூடாது. மற்றது, பிள்ளையின் காதைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. மாமா, “சரி அக்கா. நான் வாய் திறக்கமாட்டன்” என்றார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சுவாமிப் படத்துக்கு முன்னால் கூட்டிப் போய் இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

அந்தப் பின்நேரம் முழுக்க அவர் பலகை பூட்டினார். எந்தப் பலகை எந்தப் பெட்டிக்கு என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க, முதன்முறையாக அந்த அறையில் முகங்கள் தெரிந்தன. வடிவாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். துடைத்த மரத்தில் யன்னல் தெரிந்தது. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஆரோ வீட்டுக்கு வந்தமாதிரி இருக்கு” என்றார்.

அவர்கள் வந்தார்கள். தாய், தகப்பன், மாப்பிள்ளை, தரகர். தாய் கிணற்றடியையும் பார்த்து, கோடிப் பக்கத்தையும் பார்த்து, றேடியோ அறையையும் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவாக ஒரு வீட்டை வைத்திருப்பதைத் தான் எங்கும் காணவில்லை என்றார். அம்மா பூரித்துப் போனார். கூரையில் ஒழுக்கு இருக்கிற இடம் மாமாவுக்குத் தெரியும். அதைக்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று பார்த்தேன். பாவமாக இருந்தது.

மாப்பிள்ளை அறைக்குள்ளேயே நின்றுவிட்டார். றேடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர், ஒல்லாந்து றேடியோவுக்கு முன்னால் நின்று, “ஐயா, உதின்ரை பின்பக்கத்தைப் பாக்கலாமோ?” என்று கேட்டார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறெங்கோ பார்த்தார். அவ்வளவுதான், மாமா பெட்டியைத் திருப்பிப் பலகையைக் கழற்றிவிட்டார். இரண்டு பேரின் தலையும் உள்ளே போய்விட்டது. எரிந்த ட்ரான்ஸ்போமரின் கதையை மாமா முழுதாகச் சொன்னார். மெஷினோடு வேலை செய்கிறவர் என்பதால் மாப்பிள்ளை கேட்ட கேள்விகளும் நல்ல கேள்விகள்தான். உள்ளே ஒரு ரெசிஸ்ரர் கறுத்திருப்பதை அவர்தான் காட்டினார். சின்ன விரல்நகத் துண்டு மாதிரிச் சாமான் அது. அதன் அளவு எழுதியிருக்காது. சுற்றியிருக்கும் நிறக்கோடுகளைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மாமா ஒரு தகர டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டி, “சிவப்பு, சிவப்பு, மஞ்சள். ஒண்டு எடுங்கோ தம்பி, மாத்திப் போட்டுவிடுவம்” என்றார்.

மாப்பிள்ளை டப்பாவைக் கிளறினார். ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த நேரம் தாய் மண்டபத்திலிருந்து, “தம்பி, காணும் வா, கை ஊத்தையாகப் போகுது” என்று கூப்பிட்டார். குரலில் ஒரு அவசரம் இருந்தது. மாப்பிள்ளை கையிலிருந்ததை மாமாவிடம் கொடுத்தார்.

நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. அந்த டப்பாவை நிறம் பார்த்துப் பிரித்து வைத்த கை என்னுடையது, எனக்குப் பிழைக்காது. மண்ணிறம், பச்சை, மஞ்சள். மாமா அதைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “பேந்து ஆறுதலாப் போடுவம், இப்ப தேத்தண்ணி ஆறப்போகுது” என்று பலகையைப் பூட்டினார்.

அவர்கள் போய் மறுநாளே தரகர் வந்தார். பிடித்துவிட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை நாள் வைக்க வருகிறார்களாம். அம்மா அழுதார், சிரித்தார், மாமாவின் தலையைத் தடவினார். தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று சுவாமிப் படத்துக்குச் சொன்னார். மாமா மட்டும் அறைக்குள் போய், எல்லாப் பலகைகளையும் திரும்பக் கழற்றத் தொடங்கினார்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. நீங்கள் கண்டீர்கள்தானே என்று கேட்டேன். கண்டதாகத் தலையாட்டினார். அப்படியென்றால் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அடுத்த பெட்டியை இழுத்து வைத்தார். எனக்குத் தெரிந்த மாமா, மைக் முன்னால் கறையானைப் பற்றிப் பேசிய மனிதர், இப்படி வாயை மூடிக்கொண்டு திருகாணி கழற்றுவார் என்று நான் நினைக்கவில்லை. என் காதையும் மறைத்து, மாப்பிள்ளையின் கண்ணையும் மறைத்து, இரண்டு வீட்டாரும் பலகை பூட்டி எங்களை ஒரு வீட்டுக்குள் விடப் போகிறார்கள், நான் வாழ்நாள் முழுக்க அவருக்கு இடப்பக்கமாகவே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று கத்தினேன்.

அவர் கடைசித் திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“கொம்மாவுக்கு நான் சொல்லுக் குடுத்திட்டன். உன்ரை காதைப் பற்றி என்ரை வாயிலை வராது. ஆனா பிள்ளை, நீ ஒருத்தருக்கும் சொல்லுக் குடுக்கேல்லை.”

அந்தக் கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். சொன்னால் இந்தக் கலியாணம் நின்றுவிடும். நின்றால் அம்மா உடைந்து போவார். ஒருமுறை நின்ற கலியாணத்தின் கதை ஊரெல்லாம் போய், பிறகு வேறு யாரும் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் கலியாணம் நடக்கும். எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மாமாவின் இந்தக் குணத்தை நான் பிடிவாதம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். பின்னாளில், தொண்ணூறில் சண்டை மூண்டு குடாநாடு முழுக்கக் கரண்ட் நின்றபோது, சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் சின்ன ரான்சிஸ்ரரில் செய்தி கேட்டது. மாமாவிடமும் வந்தார்கள். இவ்வளவு றேடியோ இருக்கிறதே, ஒன்றையாவது சுற்றிப் பார்க்கலாமே என்றார்கள். டைனமோ இவற்றுக்குக் காணாது, தன்னிடம் இருப்பதெல்லாம் இப்போது வெறும் பெட்டிகள் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி இருந்த அந்த நாட்களிலும், ஒரு சொட்டுத் தொட்டு அடித்தகடுகளைத் துடைத்தார். கரண்ட் வராமல் போகாது, வருகிற அன்றைக்கு இவை துருப்பிடித்து நிற்கக் கூடாது என்றார். உள்ள குறையை உள்ளபடி சொல்கிற ஆளுக்குத்தான் அந்த நம்பிக்கையும் வரும் போலிருக்கிறது. எங்களுக்கெல்லாம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா கதிரைகளைத் தானே போட்டார். எனக்கு இடது ஓரம். எனக்கு வலப்பக்கத்தில் மாப்பிள்ளைக்கு. மற்றவர்களுக்கு எதிர் வரிசை. எல்லாரும் இருந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்து என் கதிரையைத் தாண்டிப் போய், மாப்பிள்ளையின் மற்றப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த கதிரையில் இருந்தேன். இப்போது அவர் என் இடப்பக்கம். அம்மாவின் கை தலைப்பைப் பிடித்தது. மாமா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

மாப்பிள்ளை ஏதோ கேட்டார் போலிருக்கிறது. எல்லாரும் என் பதிலுக்காக என்னைப் பார்த்ததிலிருந்துதான் அது எனக்குத் தெரிந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்:

“எனக்கு இந்தக் காது கேக்காது. சின்னனிலையே போட்டுது. திருத்தேலாது. கதைக்கிறதெண்டால் மற்றப் பக்கம் வந்து இருங்கோ.”

தரகர் இருமினார். அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார். எழும்பி முடிப்பதற்குள் மாப்பிள்ளை எழும்பிவிட்டார். தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு, என் முன்னால் சுற்றி வந்து, வலப்பக்கத்தில் போட்டு இருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. எனக்கு மட்டுமில்லாமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது.”

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கப்பலின் ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், மறுபக்கம் பச்சை. எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். கரையோரத்துச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். தாயை விட்டுப் போக மனமில்லாத பெடியனின் கதை அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிட்டது. தகப்பன் கீழே பார்த்தார். கூறைச்சேலை தனக்கு என்ன நிறத்தில் தெரியுமோ தெரியாது என்று மாப்பிள்ளை என் காதுக்குள் மெல்லச் சொன்னதை மட்டும் வேறு ஒருவரும் கேட்கவில்லை.

தாய் நின்றபடியே மாமாவின் பக்கம் திரும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது.

“அண்ணை, நீங்கள் அண்டைக்கே கண்டிட்டியள். அவன் பிழையா எடுத்துத் தந்ததை நீங்கள் பொக்கற்றுக்குள்ளை போட்டதை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை. ஊரெல்லாம் உங்கடை வாயைப் பற்றித்தான் கதைக்குது. ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

மாமா கதவு நிலையிலிருந்து நிமிர்ந்தார்.

“நான் என்ரை சாமானிலை இருக்கிற பிழையைத்தான் தங்கச்சி சொல்லுறனான். அவரின்ரை கண், அவர் சொல்லவேணும். இவளின்ரை காது, இவள் சொல்லவேணும். நான் ஆர்?”

நான் பிறந்த நாளிலிருந்து பார்த்த மனிதர். வண்டுப் பருப்பு அவர் விற்ற பருப்பு. கறையான் தின்ற மூலை அவர் கொடுத்த றேடியோவின் மூலை. அடுத்தவர் கொண்டுவந்த பெட்டியை அவர்கள் இருக்கும்வரை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. இவ்வளவும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தும், வாய் காக்கத் தெரியாத ஆள் என்றுதான் ஊரோடு சேர்ந்து நானும் நினைத்திருந்தேன்.

தாய் மெல்லத் தன் கதிரையில் இருந்தார். அம்மாவைப் பார்த்து, தேத்தண்ணி இன்னொருக்கால் சுடச்சுடப் போடச் சொன்னார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நானும் சொல்லிப்போடுறன், கேளுங்கோ” என்று தொடங்கினார். அவனுக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டான். நித்திரையில் கதைப்பான். தங்கள் கிணற்றில் ஆவணியில் உப்புத் தட்டும். மூத்த மருமகளோடு தனக்கு ஒத்துவராது, அதில் அரைவாசிப் பிழை தன்னுடையது. சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்துகொண்டு வந்தது. மாமா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே இருந்தார். வால்வு சூடேறும்வரை காத்திருக்கும்போது இருக்கிற அதே முகத்தோடு, முழுக்கக் கேட்டார்.